அரிக்காத வியாதி

கோட்டம்மாவின் தையல்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மிஷின்களுக்கு உறை போட்டு, வெட்டு மேஜையைத் துடைத்து, சன்னலைப் பாதி சாத்தி வைத்துவிடுவாள். ஆனாலும் அன்று மதியம் அங்கே ஒரு வேலை நடக்கும். அந்த வேலைக்குக் கூலியும் இல்லை, சாட்சியும் இல்லை.

மாடிப்படியில் தம்பியின் செருப்புச் சத்தம் கேட்கும். உள்ளே வந்து, "என்னக்கா" என்பான். அதற்கு மேல் பேச்சு வளராது. சட்டையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, மிஷின் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்காருவான். கோட்டம்மா ஆணியில் தொங்கும் பிரஷை எடுப்பாள். தைத்து முடித்த கோட்டுகளில் ஒட்டிய நூலையும் பஞ்சையும் தட்டிவிடும் பிரஷ் அது. அதைக் கழுத்துக்குக் கீழே வைத்து, முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மேலிருந்து கீழாக நேராக இழுப்பாள். டாக்டர்களுக்கு வெள்ளைக் கோட்டும் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டும் வெட்டி வெட்டிப் பழகிய கை. கோணலாக இழுக்க அந்தக் கைக்கு வராது.

தம்பி கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விடுவான். அந்த மூச்சுக்காகத்தான் அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

பெற்றவர்கள் போன பிறகு தம்பியை ஆளாக்கியவள் அவள்தான். அவனுக்கு மீசை முளைக்கும் முன்பே அந்த வியாதி முளைத்துவிட்டது. முழங்கையிலும் முழங்காலிலும் முதுகிலும் தோல் தடித்துச் சிவந்து, மேலே வெள்ளிப் பூச்சு போலச் செதில் உதிர்ந்தது. கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினாள். அந்தக் காலத்து டாக்டர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது சோரியாசிஸ். ஒட்டாது. அரிக்கவும் அரிக்காது. அரிச்சா அது வேற, சொறி சிரங்கு" என்றார்.

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அப்போதும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. சொல்ல வாயெடுத்தான். அக்கா ஒரு பார்வையிலேயே அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டாள்.

அவள் கணக்கு இப்படி ஓடியது: சொறி சிரங்கு என்றால் அழுக்கு என்பார்கள். அழுக்கு என்றால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். வளர்த்தவள் யார்? அவள். தாய் தகப்பன் இல்லாத வீடு என்று நான்கு பேர் உச்சுக் கொட்ட இடம் கொடுக்காமல் தலை நிமிர்ந்து நடந்தவள். அப்படிப்பட்டவளுக்கு டாக்டரின் சொல் நற்சான்றுப் பத்திரம் மாதிரி. நம்ம குடும்பத்துக்கு வந்திருப்பது அரிக்காத வியாதி. அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் கூடவே போவாள். "அரிக்குதா?" என்று அவனைக் கேட்டால் "இல்ல" என்று இவள் சொல்வாள்.

தம்பிக்குப் பெண் பேசப் போன இடத்தில் வியாதியை அவள் மறைக்கவில்லை. மறைப்பது குடும்பத்துக்கு இழுக்கு. அந்தப் பெண் பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடத்தப்போகிறவள். பெண்ணின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அரிக்குமா? எங்க பொண்ணு பச்சப் பிள்ளைங்களைத் தூக்கப் போறவ. அதான் கேக்கறேன்."

"அரிக்கவே அரிக்காது. என் வாக்கு" என்றாள் கோட்டம்மா.

அதோடு கல்யாணம் முடிவானது. வாக்குக் கொடுத்தது அக்காவின் வாய். காப்பாற்ற வேண்டியது தம்பியின் முதுகு.

அவனும் காப்பாற்றினான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். பக்கத்து இருக்கையில் மரமணி கோத்த விரிப்பு ஒன்றைப் போட்டு அதில்தான் உட்காருவான். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் தடாலென்று பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முதுகு அந்த மணிகளில் உரசும். மற்ற வாத்தியார்கள் திட்டுவார்கள். இவன் "பரவாயில்ல, இன்னொரு தடவை மிதிங்க" என்பான். பொறுமைசாலி என்று ஊரில் பெயர். வீட்டில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான். மனைவியின் காப்பகத்தில் சட்டம் ஒன்று உண்டு: சொறிகிற பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். அதைத் தினமும் பார்ப்பவன் அவன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்காவின் பிரஷ்.

கோட்டம்மா தம்பி மனைவியைக் குறை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அவள் சமைத்துப் போடுகிறாள், போடட்டும். அவன் சம்பளத்தில் புடவை வாங்குகிறாள், வாங்கட்டும். ஆனால் அவன் முதுகில் எந்த இடம் அரிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. புருஷன் முதுகில் அவன் கை எட்டாத இடம் எதுவென்று தெரியாதவள் என்ன பெண்டாட்டி? இதை மனசுக்குள் சொல்லிக்கொள்ளும்போது கோட்டம்மாவுக்கு ஒரு தனி ருசி இருந்தது. அவனுக்குச் சட்டை தைப்பதும் அவள்தான். செதில் உதிர்ந்தாலும் தெரியாத வெளிர் நிறத் துணி. உரசாதபடி உள்பக்கம் மடித்து அடித்த தையல். கழுத்துப் பட்டையில் உறுத்துகிற பெயர்ச்சீட்டு கிடையாது. அந்தச் சட்டைகளைத் துவைத்துப் போடும் தம்பி மனைவிக்கு இதில் ஒன்றும் புரிந்திருக்காது என்று நினைத்து நினைத்து மகிழ்வாள்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்புச் சத்தம் கேட்கவில்லை. போன் வந்தது.

"அக்கா, கழுத்துல கிளம்பிடுச்சு. காலருக்கு மேல தெரியுது. காப்பகத்துல ஒரு பிள்ளையோட அப்பா என்னன்னு கேட்டுட்டாராம். இவ புதுசா ஒரு ஸ்கின் டாக்டரைப் பார்க்கணும்ங்கிறா. நாளைக்குப் போறோம்."

"போறோமா? யாரு யாரு?"

"நானும் அவளும்."

"நானும் வரேன்" என்றாள் கோட்டம்மா. "அவளுக்கு என்ன தெரியும்?"

ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் தம்பி நடுவில் உட்கார்ந்தான். ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் மனைவி. அவன் தோளை அசைத்து நாற்காலியின் முதுகில் லேசாக உரசிக்கொண்டதை அக்கா பார்த்தாள், மனைவி பார்க்கவில்லை. கோட்டம்மாவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

"ஏங்க, நெளியாம உட்காருங்க. நாற்காலி சரியில்லையா?" என்றாள் மனைவி.

"அவனுக்கு நாற்காலி பழக்கம் இல்ல. கார் சீட்டுதான் பழக்கம்" என்றாள் கோட்டம்மா.

"வீட்டுல நாற்காலிலதான் அண்ணி உட்கார்றார். நான் பார்க்கிறேனே."

"நீ பார்க்கிறது எல்லாம் சரிதான்" என்று சொல்லிவிட்டு, கோட்டம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

டாக்டர் இளம்பெண். அவள் கோட்டின் தோள் அரை விரற்கடை இறங்கியிருந்தது. வேறு எங்கோ தைத்தது என்று கோட்டம்மா பார்த்தவுடன் கண்டுபிடித்தாள். மரியாதை அந்த அளவுக்குக் குறைந்தது.

"அரிப்பு உண்டா?"

"இல்ல" என்றாள் கோட்டம்மா.

"இல்ல டாக்டர், அது மட்டும் கிடையாது" என்றாள் மனைவி, முழு நம்பிக்கையோடு.

டாக்டர் தம்பியைப் பார்த்தாள். "உங்களைத்தான் கேட்டேன்."

தம்பி தரையைப் பார்த்தான்.

"சட்டையைக் கழற்றுங்க."

கழற்றினான். டாக்டர் பின்பக்கம் போய் நின்றாள். பிறகு விரலால் தொடாமல் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"சோரியாசிஸ் தானா வந்தா இப்படி ஸ்கேல் வச்ச மாதிரி வராது. தோலை ரொம்பக் கீறினா, தேய்ச்சா, சிலருக்கு அந்த வழியிலேயே புதுசு புதுசாக் கிளம்பும். இதோ பாருங்க, ரெண்டு பக்கமும் நேர்க்கோடா இறங்குது. இவர் கை இங்க எட்டாது. யார் தேய்ச்சு விடுறது?"

தம்பி மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. "தேய்க்கிறதா? எதுக்கு தேய்க்கணும்? சோரியாசிஸ்தான் அரிக்காதே டாக்டர்?"

"யாரும்மா சொன்னா? முன்னாடி அப்படிச் சொல்லிட்டு இருந்தாங்க. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல அரிக்குதுன்னுதான் சொல்றாங்க. சிலருக்கு லேசா, சிலருக்குத் தூக்கமே போயிடும். சிலருக்கு இல்லாமலும் இருக்கும். அரிக்குதுங்கிறதுக்காக சோரியாசிஸ் இல்லைன்னு ஆகிடாது. ஒட்டிக்கும்னும் ஆகிடாது. எப்படி அரிச்சாலும் இது இன்னொருத்தருக்கு ஒட்டாது." டாக்டர் பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டினாள். "எல்லாரும் வெறும் களிம்பா எழுதி அனுப்பியிருக்காங்க. அரிப்பு இல்லைன்னு சொன்னா லேசா இருக்குன்னுதான நினைப்பாங்க. இப்பவாவது சொல்லுங்க. அரிக்குதா?"

தம்பி தலையைத் தூக்கினான். அக்காவின் பக்கம் திரும்பவில்லை. அது கோட்டம்மாவுக்குச் சுருக்கென்றது.

"அரிக்குது டாக்டர். எப்பவும் அரிக்குது."

மனைவி கேட்டாள், மெதுவாக: "யார் தேய்ச்சு விடுறது?"

"அக்கா."

கோட்டம்மா நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மடியில் இருந்த கை மட்டும் கைப்பைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அவள் போட்ட கோடுகள். ஒவ்வொரு ஞாயிறும் அவ்வளவு ஆசையாக, அவ்வளவு நேராக.

வெளியே வந்ததும் மருந்து வாங்கத் தம்பி வரிசையில் நின்றான். இரண்டு பெண்களும் தூணுக்குப் பக்கத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"முதுகுல கோடு கோடா இருக்கும். நான் கேட்டிருக்கேன் அண்ணி. கார் சீட்டு மணி பட்டதுன்னார். நம்பினேன்."

"குடும்ப மானத்துக்காகச் சொன்னது. தப்பில்ல."

"எந்தக் குடும்பம்? நானும் அந்தக் குடும்பம்தானே?"

"உங்க அம்மா கேட்டாங்க, அரிக்குமான்னு. அரிக்கும்னு சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பாங்களா?"

"எங்க அம்மா கேட்டாங்க. நான் கேட்டேனா?"

குரலை உயர்த்துவது கோட்டம்மாவின் வழக்கமல்ல. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வேற எவளோ இருக்காளோன்னுகூட ஒரு தடவை நினைச்சேன்" என்றாள் இளையவள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. "அப்படி இருந்திருந்தாக்கூட சண்டை போட்டு ஒருவழி பண்ணியிருப்பேன். அக்கான்னு ஆனப்புறம் நான் யார்கிட்ட போய் சண்டை போட?"

இந்தச் சொல் கோட்டம்மாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை அதிக நாள் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு தம்பி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போனில் பேசினான். ஊசி போடுகிறார்களாம், மனைவி மருந்து தடவுகிறாளாம், தேய்க்காமல் உள்ளங்கையால் ஒற்றி ஒற்றித் தடவ வேண்டுமாம். "அவ நல்லாப் பண்றாக்கா" என்றான். நல்லாப் பண்றா! கோட்டம்மா போனை வைத்துவிட்டு, கையில் இருந்த கோட்டுக் கையை மாற்றிப் பொருத்தித் தைத்துவிட்டாள். இடது கை வலப்பக்கம். இத்தனை வருஷத் தொழிலில் நடக்காதது.

அதைப் பிரித்தெடுத்தவள் கூடத்தில் வேலை பார்க்கும் பொத்தான். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் கட்டுவதும் அவள் வேலை. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. தன் வாய்க்கு மட்டும் பொத்தான் போடவே மாட்டாள்.

"ஏங்க்கா, தம்பி வர்றதில்லையா? பிரஷ்ல வெள்ளை வெள்ளையா இருக்குமே, திங்கக்கிழமை நான்தான தட்டுவேன். இப்ப சுத்தமா இருக்கு."

கோட்டம்மா திடுக்கிட்டாள். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுக்கு தெரியணும்? பிரஷுக்குத் தெரியும்." பொத்தான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "விடுங்கக்கா. கல்யாணம் ஆனவன் முதுகு பொண்டாட்டிக்குத்தான் சொந்தம். நீங்க இத்தனை நாள் வாடகைக்கு இருந்தீங்க."

"வேலையைப் பாரு."

"பார்க்கிறேன். நீங்க கையை எந்தப் பக்கம் தைக்கிறீங்கன்னும் பார்க்கிறேன்."

கோட்டம்மாவுக்கு வயிறு எரிந்தது. எரிவது தம்பிமேலா, அவன் மனைவிமேலா, அந்த மருந்துமேலா என்று பிரிக்க முடியவில்லை. உள்ளங்கையால் ஒற்றி ஒற்றி. அந்தப் பெண்ணின் உள்ளங்கை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். குழந்தைகளின் மூக்கைத் துடைத்துப் பழகிய மெத்தென்ற கை. தன் கை? ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன கை. மருந்து கேட்காமல் போனால் மறுபடி வருவான் என்று ஒருநாள் நினைத்தாள். நினைத்த மறுகணம் தன்மேலேயே அருவருப்பு வந்து, எழுந்துபோய் முகம் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்தது.

ஒருநாள் துணி எடுக்கப் போகும் வழியில், சிக்னலில் தம்பியின் கார் நின்றது. மேலே பயிற்சிப் பலகை, ஓட்டுபவர் முகத்தில் உயிர் பயம், பக்கத்தில் தம்பி. அவன் கறுப்புச் சட்டை போட்டிருந்தான்.

கோட்டம்மா நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். கறுப்பு. ஒரு செதில் விழுந்தாலும் ஊருக்கே காட்டிக்கொடுக்கிற நிறம். அவன் வாழ்நாளில் போட்டதில்லை. தோள்பட்டை தொளதொளவென்று இருந்தது; கடையில் வாங்கிய சட்டை. அதில் ஒரு செதில்கூட இல்லை. அவன் இருக்கையில் சாயாமல் முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவரிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஓட்டுபவர் தடாலென்று பிரேக் மிதித்தார். "மெதுவா மிதிங்க சார்!" என்று தம்பி கத்தியது அவளுக்குக் கேட்டது.

வேறு எந்த அக்காவாக இருந்தாலும் தம்பி தேறிவிட்டான் என்று மகிழ்ந்திருப்பாள். இவளும் மகிழ்ந்தாள். மகிழ்ச்சிக்குள் முள் இருந்தது.

மறுநாள் மாலை, புதிதாகத் தைத்த வெளிர்நிறச் சட்டைகளைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். சட்டை கொடுக்கப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்க்கத்தான் போனாள்.

வீட்டின் முன்னறைதான் காப்பகம். சின்னச் சின்னச் செருப்புகள் அடுக்கும் பலகை காலியாக இருந்தது. ஒரே ஒரு ஜோடி மிச்சம். சுருட்டைத் தலைப் பொடியன் ஒருவன் தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்தான். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது, அவன்மேல் ஒரு கண் இருப்பதற்காக. அந்தப் பாதிக் கதவு வழியாகக் கோட்டம்மா பார்த்தாள். தம்பி சட்டை இல்லாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி உள்ளங்கையில் மருந்தை எடுத்து ஒற்றிக்கொண்டிருந்தாள். முதுகில் தடிப்பு அமுங்கி, நிறம் மட்டும் மங்கலாக மிச்சமிருந்தது. கோடுகள் அழிந்துகொண்டிருந்தன.

"இங்க அரிக்குதா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் இடது. ஆங், அங்கதான் அரிக்குது."

"முன்னாடி மாதிரியா?"

"சேச்சே. முன்னாடி கத்துச்சு. இப்ப முணுமுணுக்குது."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். இத்தனை ஞாயிறுகளில் அவன் இப்படி ஒரு பேச்சுப் பேசியதில்லை. அக்காவிடம் மூச்சு மட்டும்தான் விட்டான். அரிக்குது என்ற சொல்லை, அந்த வீட்டில், சத்தமாக, சிரித்துக்கொண்டே சொல்கிறான். கோட்டம்மா பொட்டலத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

அதே நேரத்தில் அவளுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு கேட்டது. பொடியனின் அம்மா. எப்போது வந்தாளோ, அவளும் கதவு வழியாகப் பார்த்துவிட்டாள், கேட்டும்விட்டாள்.

"என்ன அது? அரிக்குதுன்னா சொல்றாரு?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தம்பி மனைவி கையில் மருந்தோடு வெளியே ஓடி வந்தாள். அண்ணியைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். "அது சோரியாசிஸ்ங்க. ஒட்டாது. டாக்டரே சொல்லியிருக்காங்க."

"அரிக்கிறதெல்லாம் ஒட்டும்னு நீங்கதானே சொல்வீங்க? இவன் தலையைச் சொறிஞ்சான்னு என் பிள்ளையை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பினீங்க. நான் லீவு போட்டுட்டு வீட்டுல உட்கார்ந்தேன். உங்க வீட்டுக்காரர்னா மட்டும் ஒட்டாதா?"

இளையவள் மருந்துக் கையை முன்னால் நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்ற பெண், கோட்டம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க அவரோட அக்காதானே? என் வீட்டுக்காரர் கோட்டு நீங்கதான் தைக்கிறீங்க. உங்க பேச்சை நம்பலாம். நீங்க சொல்லுங்கம்மா, அரிக்குமா, அரிக்காதா?"

உள்ளறையில் தம்பி சட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டு கதவோரம் வந்து நின்றான். மூன்று பேர் முகமும் கோட்டம்மாவின் வாயைப் பார்த்தன.

பழைய சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அரிக்காது என்று சொன்னால் இப்போது எடுபடாது. இந்தப் பெண் காதால் கேட்டுவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் நின்றால் நாளை இந்தச் செருப்புப் பலகை காலியாகவே இருக்கும். தம்பி மனைவியின் தலை குனியும். அவள் தலை குனிய வேண்டும் என்று இத்தனை வாரம் ஏங்கிய ஒரு மூலை கோட்டம்மாவின் மனசில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவள் கண் போய் நின்றது தம்பி மனைவியின் கையில். மருந்து மினுங்கும் உள்ளங்கை. சில வாரமாக ஒற்றுகிற கை. இந்தக் கைதான் அவனைத் தொட்ட ஒரே கை என்று நாளை ஊர் பேசும். அதை மட்டும் கோட்டம்மாவால் தாங்க முடியவில்லை.

"அரிக்கும்" என்றாள்.

தம்பி கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லா அரிக்கும். சின்ன வயசுலேர்ந்து அரிக்குது. எனக்குத் தெரியும். ஏன்னா இந்த முதுகைத் தேய்ச்சு விட்டது நான். இவ நேத்து வந்தவ. நான் இத்தனை வருஷமா, வாரம் தவறாம." பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள். "பாரு. முன்னால பாரு, பின்னால பாரு. ஊசிக் காய்ப்பைத் தவிர ஏதாவது இருக்கா? முழங்கையைப் பாரு. ஒட்டுறதா இருந்தா முதல்ல எனக்குத்தானே ஒட்டியிருக்கணும்? இந்தக் கையாலதான் உன் வீட்டுக்காரர் கோட்டும் தைச்சேன். அவருக்கு ஏதாவது ஒட்டுச்சா?"

அந்தப் பெண் நீட்டிய கைகளைப் பார்த்தாள். திருப்பிப் பார்க்கத் துணியவில்லை. கோட்டம்மா தானாகவே திருப்பிக் காட்டினாள்.

"தலையில பேன் வந்து சொறியறது வேற. இது வேற" என்றாள் கோட்டம்மா. "சந்தேகம்னா டாக்டரைப் போய்க் கேளு. எங்க குடும்பத்துல பொய் சொல்ற வழக்கம் இல்ல."

சொல்லி முடித்ததும் தம்பி இருமினான். அவனைத் திரும்பிப் பார்க்காமலேயே முறைத்தாள்.

"இல்லம்மா, பிள்ளை விஷயம்னு..." என்று அந்தப் பெண் இறங்கி வந்தாள். "நான் டாக்டரையும் கேட்டுக்கிறேன்."

"கேளு. கேட்டுட்டு நாளைக்குப் பிள்ளையைக் கொண்டு வா."

அவள் போனாள். பொடியன் தாயின் தோளுக்கு மேலிருந்து கையாட்டினான்.

"அண்ணி" என்றாள் இளையவள். நன்றி சொல்லத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். வந்தது வேறு. "நேத்து வந்தவளா நான்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ஊர் முழுக்க இனிமே, அக்காதான் தேய்ச்சு விட்டாங்கன்னு பேசும்."

"பேசட்டுமே. உள்ளதுதானே?"

"பிரஷ் மட்டும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. மறந்துடாதீங்க."

"எனக்கும் காது இருக்கும்மா."

தம்பி பொட்டலத்தைப் பிரித்து ஒரு சட்டையை மாட்டிப் பார்த்தான். பொத்தான் எட்டவில்லை. இந்தச் சில வாரங்களில் சதை போட்டிருந்தான். சரியாகத் தூங்குகிறான் போலும். கோட்டம்மா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

"திரும்பு. கறுப்பு வேணும்னா கறுப்பே தைச்சுத் தரேன். அந்தக் கடைச் சட்டையைப் போட்டுக்கிட்டு என் மானத்தை வாங்காத. தோளைப் பாரு, கொடியில காயப் போட்ட மாதிரி."

"அது நான் வாங்கிக் குடுத்தது" என்றாள் மனைவி.

"பார்த்தாலே தெரியுது."

"நாடாவை இப்படிக் குடுங்க, இந்த முனையை நான் பிடிக்கிறேன்."

"நான் தனியாத்தான் பிடிப்பேன்."

"பிடிங்களேன் பார்ப்போம்" என்று அவள் முனையைப் பற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று நாடாவை அவன் முதுகில் வைத்து இழுத்தார்கள்.

தம்பி நெளிந்தான். "அரிக்குது" என்றான்.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒன்று காய்த்த கை, ஒன்று மருந்துக் கை. இரண்டும் அவன் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பின்வாங்க இரண்டுக்கும் மனசில்லை.

தம்பி திரும்பி இந்தக் கையைப் பார்த்தான், அந்தக் கையைப் பார்த்தான். ஒன்றுமே சொல்லாமல் நாலடி நடந்துபோய், கதவு நிலையில் முதுகைச் சாய்த்து ஒரு தேய் தேய்த்தான்.

"சொறியாத!"

"சொறியாதீங்க!"

இரண்டு குரலும் ஒன்றாகத்தான் வந்தன. அவர்கள் இருவரும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, தன் குரல்தான் ஒரு மயிரிழை முந்தியது என்று கோட்டம்மா நினைத்துக்கொண்டாள்.